விளக்கு எரியவில்லையா? வீட்டில் மின்னணு கிட் இணைப்பதும் பழுது கண்டறிவதும் எப்படி

ஆனைக்கரை: கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு மாணவர்கள் அனைவருக்கும் ரோபோட்டிக்ஸ் பாடம் 2025-26 கல்வியாண்டு முதல் தகவல் தொழில்நுட்பப் பாடநூலில் சேர்க்கப்பட்டுள்ளது. ஏறத்தாழ 4.3 லட்சம் மாணவர்கள் பயிலும் இந்தப் பாடத்திற்காக 29,000 ரோபோட்டிக் கிட்டுகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டுள்ளன. மலையாளம், ஆங்கிலம், கன்னடம் ஆகியவற்றுடன் தமிழிலும் பாடநூல் வெளியிடப்பட்டுள்ளதால், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லையோரப் பகுதிகளில் தமிழ் வழியில் பயிலும் மாணவர்களும் இதே செய்முறைகளைச் செய்து பார்க்கின்றனர்.

பள்ளியில் ஆசிரியர் அருகில் இருக்கும்போது எரிந்த விளக்கு, அதே போன்ற கிட்டை வாங்கி வீட்டில் இணைக்கும்போது எரிவதில்லை. "பொருள் கெட்டுவிட்டது" என்றோ, "இது எனக்கு வராது" என்றோ மாணவர் முடிவு செய்யும் இடம் இதுதான். பெரும்பாலும் இந்த இரண்டு முடிவுகளுமே தவறானவை. தொடக்கநிலை கிட்டுகளில் ஏற்படும் கோளாறுகளில் பெரும்பகுதி, உதிரிப்பாகம் பழுதானதால் வருவதில்லை. தவறான துளையில் செருகிய கம்பி, திருப்பிப் பொருத்திய எல்.இ.டி., இணைக்க மறந்த கிரவுண்ட் கம்பி ஆகியவையே காரணமாக இருக்கின்றன. அவற்றை வரிசை முறைப்படி தேடினால் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். உதிரிப்பாகம் வாங்க நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டிய மலையோர ஊர்களில், எந்தப் பாகத்தையும் மாற்றும் முன் பழுதைச் சரியாக அறிவது பணத்தையும் நாளையும் மிச்சப்படுத்தும்.

கிட்டில் என்ன இருக்கிறது?

கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், 2018ஆம் ஆண்டு 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்களைத் தொடங்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இவை இயங்குகின்றன. இம்மன்றங்களுக்கு வழங்கப்பட்ட கிட்டுகளில் ஆர்டுயினோ ஊனோ பலகை, எல்.இ.டி. விளக்குகள், சிறிய சர்வோ மோட்டார், ஒளியை உணரும் எல்.டி.ஆர். சென்சார், அகச்சிவப்பு சென்சார், பஸ்ஸர், அழுத்து பொத்தான், பிரெட்போர்டு, ஜம்பர் கம்பிகள், மின்தடைகள் ஆகியவை இடம்பெற்றுள்ளன. கடைகளிலும் இணையத்திலும் தொடக்கநிலை கிட் என்ற பெயரில் விற்கப்படுவனவும் ஏறக்குறைய இதே பொருள்களைக் கொண்டவையே.

இவற்றுள் மையமானது ஆர்டுயினோ பலகை. இத்தாலியின் இவ்ரியா நகரில் இருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களும் எளிதில் பயன்படுத்தும் மலிவான பலகை தேவை என்ற எண்ணத்தில் 2005ஆம் ஆண்டு உருவானது இது. வடிவமைப்பை எவரும் பார்க்கவும் நகலெடுக்கவும் உரிமை அளிக்கப்பட்டதால் உலகெங்கும் பரவியது. 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஊனோ வகையில் 14 டிஜிட்டல் முனைகளும் 6 அனலாக் முனைகளும் உள்ளன. இது 5 வோல்ட்டில் இயங்குகிறது. ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் எடுக்காமல் இருப்பது பாதுகாப்பானது. பின்னர் வரும் பல பழுதுகளுக்கு இந்த அளவை மறப்பதே காரணமாகிறது.

தொடங்கும் முன்

நல்ல வெளிச்சமும் ஈரமற்ற மேசையும் முதல் தேவை. உலோகத் தட்டின் மீதோ, அலுமினியத் தாளின் மீதோ பலகையை வைக்கக் கூடாது. பலகையின் அடிப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் உலோகத்தில் பட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும்.

மழைக்காலத்தில் மலைப்பகுதிகளின் ஈரக்காற்று கம்பி முனைகளையும் பிரெட்போர்டின் உள்ளிருக்கும் உலோகப் பற்றிகளையும் மெல்ல அரிக்கும். பயன்படுத்தாத நேரத்தில் கிட்டை, காலணிப் பெட்டிகளில் கிடைக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இறுக மூடும் டப்பாவில் வைப்பது நல்லது. கோடை மழையின்போதும் துலா மாத மழையின்போதும் கேரளத்தில் பிற்பகலில் இடி மின்னல் மிகுதி. அந்நேரத்தில் மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, செய்முறையை ஒத்திவைக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் பொருள்களை எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மின்தடைகளைப் பிரித்து வைப்பது அவசியம். சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்ற வரிசையில் பட்டைகள் இருந்தால் அது 220 ஓம். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10,000 ஓம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றுவதால் மாற்றிப் பொருத்துவது மிகச் சாதாரணமாக நிகழும். 220 ஓமுக்குப் பதிலாக 10,000 ஓம் பொருத்தினால் எல்.இ.டி. கெட்டுப்போகாது, ஆனால் எரிகிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவுக்கு மங்கிவிடும்.

பிரெட்போர்டைப் புரிந்துகொள்ளுதல்

பிரெட்போர்டில் எந்தத் துளை எதனுடன் இணைந்துள்ளது என்பது வெளியே தெரியாது. நடுவில் ஓடும் பள்ளத்தின் இருபுறமும், குறுக்கு வரிசை ஒவ்வொன்றிலும் உள்ள ஐந்து துளைகள் உள்ளுக்குள் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். பள்ளத்தைத் தாண்டி இணைப்பு இல்லை. ஓரங்களில் சிவப்பு, நீலக் கோடுகளுடன் நீளவாக்கில் ஓடுபவை மின்சாரத்துக்கான வரிசைகள். பெரிய பலகைகள் சிலவற்றில் இந்த வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். அக்கோடு நடுவே விட்டுப்போயிருந்தால், இரு பாதிகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். பலகையின் ஒரு பாதியில் வேலை செய்யும் சுற்று மறுபாதியில் வேலை செய்யாமல் போவதற்கு இதுவே காரணம்.

எல்.இ.டி.யின் இரு கால்களையும் ஒரே குறுக்கு வரிசையில் செருகுவது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. அப்போது மின்சாரம் விளக்கின் வழியே செல்லாது. உள்ளிருக்கும் உலோகப் பட்டையின் வழியே சென்றுவிடும். இரு கால்களும் இரு வேறு வரிசைகளில் இருக்க வேண்டும்.

முதல் சுற்று: ஒரு விளக்கு

எதையும் இணைக்கும் முன், வெறும் பலகையை மட்டும் யு.எஸ்.பி. கம்பியால் கணினியுடன் இணைத்துச் சோதிக்க வேண்டும். 13ஆம் எண் முனையுடன் இணைந்த சிறு விளக்கு ஒன்று பலகையிலேயே உள்ளது. மென்பொருளில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்டுள்ள 'பிளிங்க்' நிரலை ஏற்றினால் அது ஒரு நொடி ஒளிர்ந்து, ஒரு நொடி அணைந்து மாறி மாறி மின்னும். இது நடந்தால் பலகை, கம்பி, கணினி, மென்பொருள் ஆகிய நான்கும் சரியாக உள்ளன என்று பொருள். பின்னர் கோளாறு வந்தால் இந்த நான்கையும் முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அடுத்து, யு.எஸ்.பி. கம்பியைக் கழற்றிவிட்டு வெளி விளக்கைப் பொருத்தலாம். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனை. குட்டைக் கால் எதிர்முனை. கால்கள் வெட்டப்பட்டிருந்தால், விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. டிஜிட்டல் முனையிலிருந்து 220 ஓம் மின்தடை வழியாக நேர்முனைக்கும், எதிர்முனையிலிருந்து கிரவுண்ட் முனைக்கும் கம்பி செல்ல வேண்டும்.

மின்தடை எதற்கு? சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். பலகை தருவது 5 வோல்ட். எஞ்சிய 3 வோல்ட்டை 220 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. இது 20 என்ற எல்லைக்குள் அடங்குகிறது. மின்தடை இல்லாமல் நேரடியாக இணைத்தால் மின்னோட்டம் எல்லை மீறும்; விளக்கு கருகலாம், பலகையின் முனையும் நிரந்தரமாகப் பழுதாகலாம்.

எரியவில்லை என்றால்: ஐந்து படிகள்

முதலில் கையை எடுத்துவிட வேண்டும். கம்பிகளை அங்குமிங்கும் பிடுங்கிச் செருகுவதால் ஒரு கோளாறு இரண்டாகும். இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தால் எது பயன் தந்தது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைத் தாளில் எழுத வேண்டும்.

1. மின்சாரம் வருகிறதா? பலகையில் 'ஆன்' எனக் குறிக்கப்பட்ட விளக்கு ஒளிர வேண்டும். ஒரு குறிப்பிட்ட கம்பியைச் செருகியதும் அது அணைந்தால், அங்கே குறுக்குச் சுற்று உள்ளது. உடனே யு.எஸ்.பி.யைக் கழற்ற வேண்டும். ஊனோ பலகையில், 500 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் பாய முற்பட்டால் தடுத்து, ஆறியபின் தானே மீளும் உருகி உள்ளது. அது கணினியைக் காக்கும். ஆனால் மீண்டும் மீண்டும் சோதித்துப் பார்ப்பதற்கு உரியதன்று.

2. கிரவுண்ட் இணைந்துள்ளதா? மின்சாரம் சென்றால் மட்டும் போதாது, திரும்பி வரவும் பாதை வேண்டும். சுற்றில் உள்ள ஒவ்வொரு பாகத்தின் எதிர்முனையும் பலகையின் கிரவுண்ட் முனையில் முடிகிறதா என்று விரலால் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும்.

3. திசை சரியா? எல்.இ.டி.யைத் திருப்பிப் பொருத்திப் பார்க்கலாம். எல்.இ.டி.யே பழுதா என்ற ஐயம் எழுந்தால், கணினிப் பலகைகளில் பயன்படும் 3 வோல்ட் காசு வடிவ பேட்டரியின் இருபுறமும் அதன் கால்களை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், சிவப்பு எல்.இ.டி. நல்ல நிலையில் இருந்தால் ஒளிரும். அழுத்து பொத்தானிலும் இதே சிக்கல் உண்டு. அதன் நான்கு கால்களில் இரண்டிரண்டு உள்ளுக்குள் எப்போதும் இணைந்தவை. பொத்தானைக் கால் சுற்றுத் திருப்பிப் பொருத்திவிட்டால், அழுத்தாமலேயே அழுத்தியது போல் நடந்துகொள்ளும்.

4. கம்பி தொடுகிறதா? ஜம்பர் கம்பியின் உறை நன்றாக இருந்தாலும் உள்ளே அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரில் ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனையை வைத்து, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, கம்பியின் இரு முனைகளையும் தொட வேண்டும். ஒலி வந்தால் கம்பி நல்லது. மல்டிமீட்டர் இல்லாவிட்டால், நன்றாக வேலை செய்யும் சுற்றில் அந்தக் கம்பியைப் பொருத்திப் பார்க்கலாம்.

5. நிரல் சொல்வதும் கம்பி இருப்பதும் ஒன்றா? நிரலில் 8ஆம் முனை என்று எழுதிவிட்டு கம்பியை 7இல் செருகுவது அன்றாடம் நடப்பது. நிரலை இறுதியில் பார்ப்பதற்குக் காரணம் உண்டு: கம்பி தொடாத சுற்றை எந்த நிரலாலும் எரிய வைக்க முடியாது.

நிரல் ஏறவே மறுத்தால் தேட வேண்டிய இடங்கள் வேறு. சில யு.எஸ்.பி. கம்பிகள் கைபேசிக்கு மின்னேற்றம் செய்ய மட்டுமே உதவும். அவற்றில் தரவு செல்லாது. பலகையின் விளக்கு எரிந்தும் கணினி பலகையை அடையாளம் காணாவிட்டால் முதலில் கம்பியை மாற்ற வேண்டும். விலை குறைந்த நகல் பலகைகள் பலவற்றில் உள்ள சி.எச்.340 என்ற சில்லுக்கு, விண்டோஸ் கணினிகளில் தனி இயக்கி மென்பொருள் நிறுவ வேண்டியிருக்கும். கேரளப் பள்ளிகளில் உள்ளது போன்ற லினக்ஸ் கணினிகளில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தி வந்தால், பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். 0, 1 ஆகிய முனைகள் கணினியுடன் பேசுவதற்குப் பயன்படுவதால், அவற்றில் எதையாவது செருகியிருந்தாலும் நிரல் ஏறாமல் போகலாம்.

சென்சாரும் மோட்டாரும் தரும் தொல்லைகள்

விளக்கிலிருந்து சென்சாருக்கு முன்னேறும்போது, 'வேலை செய்யவில்லை' என்பது 'தவறாக வேலை செய்கிறது' என்று மாறுகிறது. கை நீட்டினால் தானாகக் கிருமிநாசினி தரும் கருவி, பாடநூல் செய்முறைகளில் ஒன்று. அதில் அகச்சிவப்பு சென்சார் கையைக் கண்டறிய, சர்வோ மோட்டார் நெம்புகோலை அசைக்கிறது.

பரவலாகக் கிடைக்கும் அகச்சிவப்பு சென்சார்கள் எதிரே பொருள் இருக்கும்போது தாழ்நிலையையும், இல்லாதபோது உயர்நிலையையும் தருகின்றன. இதை அறியாமல் நிரல் எழுதினால், கை இல்லாதபோது மோட்டார் ஓடி, கை நீட்டியதும் நிற்கும். சன்னலோர வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர்கள் உண்டு. அங்கே சென்சார் குழம்பும். கறுப்புத் துணி கதிரை விழுங்கிவிடுவதால் அருகில் வந்தாலும் புலப்படாமல் போகலாம். சென்சாரில் உள்ள சிறு திருகை மெல்லத் திருப்பி எட்டும் தொலைவைச் சரிசெய்ய வேண்டும். கதிர் வெளிவருகிறதா என்று அறிய, அந்த விளக்கைக் கைபேசிக் கேமரா வழியே பார்க்கலாம். பல கைபேசிகளில், குறிப்பாக முன்புறக் கேமராவில், மங்கிய ஊதா ஒளி தெரியும்.

சர்வோ மோட்டார் நடுங்குவதும், அது அசைந்த கணத்தில் பலகை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதும் நிரலின் பிழை போலத் தோன்றும். உண்மையில் அது மின்சாரப் பற்றாக்குறை. சிறிய மோட்டாரும் தடைபட்டு நிற்கும்போது பல நூறு மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்போது 5 வோல்ட் சரிந்து பலகை அணைந்து எழுகிறது. நான்கு பென்சில் பேட்டரிகளைக் கொண்டு மோட்டாருக்குத் தனி மின்சாரம் தருவது இதற்குத் தீர்வு. அப்போதும் பேட்டரியின் எதிர்முனையைப் பலகையின் கிரவுண்டுடன் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகை அனுப்பும் குறிப்பை மோட்டாரால் புரிந்துகொள்ள இயலாது.

பற்றவைக்கும் கிட்டுகள்

பள்ளி கிட்டுகளில் பற்றவைப்பு இல்லை. எஃப்.எம். வானொலி போன்ற பொழுதுபோக்கு கிட்டுகளில் சாலிடரிங் தேவைப்படும். இதைப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில், கண்ணாடி அணிந்து செய்ய வேண்டும். நல்ல பற்று, கூம்பு வடிவில் பளபளப்பாக இருக்கும். உருண்டையாக, மங்கலாக இருப்பது வெப்பம் போதாத பற்று. தொட்டது போலத் தோன்றினாலும் மின்சாரம் செல்லாது. ஈயத்தை உருக்கி ஊற்றுவது முறையன்று. பாகத்தின் காலையும் பலகையின் வளையத்தையும் ஒருசேரச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகிப் பாய விட வேண்டும். ஈயம் கலந்த கம்பியைத் தொட்டபின் கை கழுவாமல் உண்ணக் கூடாது.

எங்கே நிறுத்த வேண்டும்?

காட்டை ஒட்டிய ஊர்களில் கிட் கையில் கிடைத்த மாணவர்களுக்கு எளிதில் தோன்றும் எண்ணம், தோட்டத்துக்குள் நுழையும் விலங்கை அறிவிக்கும் ஒலிக்கருவி. உடல் வெப்பத்தின் அசைவை உணரும் பி.ஐ.ஆர். சென்சாரையும் பஸ்ஸரையும் கொண்டு இதைச் செய்து பழகலாம். மின்சாரம் தந்தபின் ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை அது நிலைபெறாது என்பதும், சூடான காற்றின் அசைவுகூட அதைத் தூண்டும் என்பதும் செய்து பார்த்தால் தெரியவரும். அதனாலேயே, யானை வருகிறதா என்பதை அறிய இத்தகைய கருவியை நம்பி இருக்கக் கூடாது. வனத்துறையின் எச்சரிக்கைக்கு இது மாற்று ஆகாது.

வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தை கிட்டுடன் இணைப்பது எந்த நிலையிலும் கூடாது. ரிலே என்ற பாகத்தின் வழியாக வீட்டு விளக்கை இயக்கலாம் என்று காணொளிகள் காட்டுகின்றன. ஆனால் திறந்த முனைகளும் தளர்ந்த கம்பிகளும் கொண்ட பிரெட்போர்டு அதற்கானது அன்று. வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். உயிரைப் பறிப்பதும் ஆகும். பாலக்காடு அருகே 2023ஆம் ஆண்டு காட்டுப்பன்றிக்காக வைக்கப்பட்ட மின்பொறியில் சிக்கி இரு இளைஞர்கள் உயிரிழந்தனர். 5 வோல்ட்டில் செய்யும் தவறு ஒரு எல்.இ.டி.யோடு முடியும், 230 வோல்ட்டில் செய்யும் தவறைத் திருத்த வாய்ப்பே கிடைக்காது. பழைய கைபேசிகளிலிருந்து எடுத்த லித்தியம் பேட்டரிகளும் குறுக்குச் சுற்றில் தீப்பிடிக்கக் கூடியவை என்பதால் தவிர்க்கப்பட வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது

மின்னணுவியல் தெரியாத பெற்றோரும் உதவலாம். "கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எதுவரை வேலை செய்கிறது?" என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, பிள்ளை மின்சாரம் வரும் முனையிலிருந்து ஒவ்வொரு படியாகச் சோதித்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். ஐந்து படிகளையும் முடித்த பிறகும் சுற்று இயங்காவிட்டால், எழுதி வைத்த குறிப்புத் தாளுடன் பள்ளியின் லிட்டில் கைட்ஸ் பொறுப்பாசிரியரை அணுகலாம். எதைச் சோதித்தோம், என்ன கண்டோம் என்ற குறிப்பு கையில் இருந்தால், ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் ஒரே ஐயத்திலிருந்து தொடங்கலாம்.